மலையேறும் ஜீப்பை அழைக்காதீர்கள்

இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்ட உரிமையாளர்கள், மேலாளர்கள், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணிகள், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

கூடலூர், கம்பம், காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று எங்கள் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டு, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மலையேறி, உங்கள் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அதே சாலைகளில் இறங்கி வீடு திரும்பும் பெண்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். அவர்கள் யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பதாலேயே எழுத வேண்டியிருக்கிறது. என் தாயார் வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் காயெடுத்து என்னைப் படிக்க வைத்தவர். நான் இப்போது கம்பத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் இன்றைக்கும் அந்த ஜீப்புகளில்தான் போய் வருகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வண்டி மலையடிவாரத்தைத் தாண்டிய பிறகு, மேலே போய்ச் சேரும் வரை, ஓட்டுநரின் கைபேசிக்கு யாரும் அழைக்க வேண்டாம். இறங்கும்போதும் அவ்வாறே. ஓட்டுநரும் அந்த நேரத்தில் கைபேசியைத் தொட வேண்டாம். காதில் கருவியை மாட்டிக்கொண்டும் பேச வேண்டாம். இதை ஓட்டுநர்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் உங்கள் அனைவரையும் விளித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

கடந்த ஐப்பசியில், அணக்கரையில் ஒரு துக்க வீட்டுக்குப் போவதற்காக, ஆளேற்றிச் செல்லும் ஜீப் ஒன்றில் கம்பம்மெட்டுச் சாலையில் நானும் சென்றேன். முன்னிருக்கையில் ஓட்டுநரை ஒட்டி நெருக்கிக்கொண்டு சிலர்; பின்னால் எதிரெதிரான இருக்கைகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்க மற்றவர்கள். மடியில் தூக்குவாளி, காலடியில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். வளைவுகள் தொடங்கிச் சிறிது தூரம் ஏறியிருப்போம், தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. இளவயதுக்காரரான அந்த ஓட்டுநர் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடது கையால் கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "எங்க இருக்க? எத்தன ஆளு வருது?" என்று கேட்டது குரல். அவர் உடனே தலையைத் திருப்பிப் பின்னால் இருந்தவர்களை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. மேலிருந்து இறங்கிய லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டி நின்றதால் ஒன்றும் நடக்கவில்லை. "தம்பி, ரோட்டப் பாருய்யா" என்று பின்னாலிருந்து ஒரு மூத்த அம்மா மெல்லச் சொன்னார். அதற்கு மேல் வண்டிக்குள் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஓட்டுநர் பொறுப்பற்றவர் என்று என்னால் சொல்ல முடியாது. புறப்படும் இடத்தில், கால் வலியால் ஏற முடியாமல் நின்ற ஒரு பாட்டியை இறங்கி வந்து கைகொடுத்து ஏற்றியவர் அவர்தான். அழைத்த கங்காணியையும் குறை சொல்ல முடியாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் யாரை எந்தப் பாத்தியில் இறக்குவது, காயெடுப்புக்கு எத்தனை பேர், மருந்தடிக்க எத்தனை பேர் என்று அவர் பிரித்துக் கொடுக்க முடியும். அவருக்கு மேலே இருக்கும் மேலாளர் அவரைக் கேட்கிறார். மேலாளரை உரிமையாளர் கேட்கிறார். இப்படி மேலிருந்து இறங்கி வருகிற ஒரு கேள்வி, கடைசியில் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் காதில் போய் விழுகிறது. அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எடுக்காவிட்டால் மறுபடியும் மணி அடிக்கிறது. இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டால், அந்தத் தோட்டத்துக்கு ஆளேற்றும் வேலை வேறொரு வண்டிக்குப் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. வண்டிக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணை அந்த அச்சத்தை இன்னும் பெரிதாக்குகிறது.

பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் நிலை இதைவிடப் பலவீனமானது. நாளைக்கு யார் வேலைக்கு வரலாம் என்பதைச் சொல்பவர் கங்காணி. யாரை எங்கே நின்று ஏற்றிக்கொள்வது என்பதை முடிவு செய்பவர் ஓட்டுநர். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து "போனைக் கீழே வை" என்று சொல்லும் துணிச்சல், அன்றாடச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படி வரும்? சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசும் எல்லோரும், ஓட்டுநர் தவறு செய்தால் பயணிகள் தட்டிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறார்கள். பேருந்தில் பயணச்சீட்டு வாங்கிப் போகிறவருக்கு அது பொருந்தலாம். தோட்ட ஜீப்பில் அது பொருந்தாது. அங்கே உயிரைப் பணயம் வைத்திருப்பவர்களுக்குக் குரல் இல்லை; குரல் இருப்பவர்கள் வண்டியில் இல்லை. ஆகவேதான் இந்த மடல் அழைப்பவர்களாகிய உங்களுக்கு முதலில் வருகிறது.

"இப்போது யாரும் கையில் பிடித்துப் பேசுவதில்லை, காதில் ப்ளூடூத் மாட்டியிருக்கிறார்கள், கண் சாலையில்தானே இருக்கிறது" என்று சிலர் சொல்லக்கூடும். இந்த எண்ணம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கைபேசி ஓட்டுநரிடமிருந்து மூன்றைப் பறிக்கிறது: கண்ணை, கையை, கருத்தை. காதுக்கருவி கையை மட்டும் திருப்பிக் கொடுக்கிறது. வாகனம் ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துபவர்கள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தார் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கட்டளையால் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும், சில கருவிகளில் 27 நொடிகள் வரை ஓட்டுநரின் கவனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். அந்த 27 நொடியை நம் மலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற மெதுவான வேகத்தில் போகும் ஜீப்கூட அந்த நேரத்தில் 225 மீட்டர் போயிருக்கும். நம் மலைச்சாலைகளில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே அத்தனை தூரம் இல்லாத இடங்கள் பல உண்டு. அதாவது, "சரிண்ணே, வந்துர்றேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்த பிறகும், அடுத்த வளைவை அந்த ஓட்டுநர் அரை மனத்தோடுதான் திருப்புகிறார்.

வண்டிக்குள்ளே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் கைபேசியில் பேசுவதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியும் என் காதில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். எதிரே பேருந்து வந்தால் பேச்சை நிறுத்துகிறார்; சில நேரங்களில் அவரே "வண்டி வருது" என்று எச்சரிக்கவும் செய்கிறார். வண்டன்மேட்டில் நின்றுகொண்டு அழைப்பவருக்கு வளைவும் தெரியாது, பனிமூட்டமும் தெரியாது, முன்னால் போகும் லாரி பிரேக் போட்டதும் தெரியாது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். ஓட்டுநர் கவனிக்க வேண்டிய நேரம் எது என்பதை அறியாத ஒருவருடைய கையில் அந்த நேரத்தின் கவனம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சமவெளியில் ஒருவேளை இந்தக் கவனக்குறைவை மன்னிக்கக்கூடிய சாலை இருக்கலாம், மலையில் இல்லை. முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலை தூரத்தில் குறைவு என்றாலும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியாகக் கேரளம் செல்லும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் போக்குவரத்து முழுவதும் அந்த ஒடுங்கிய வழியில்தான் போகிறது. 2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஐயப்ப பக்தர்களின் கார் அந்தச் சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். எங்கள் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டிப் பகுதிக்காரர்கள். அந்த விபத்துக்குக் கைபேசி காரணம் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு ஒரு முறை தவறினால் மீட்டெடுக்க அந்தச் சாலையில் இடமில்லை என்பதைச் சொல்ல அதைவிட வேறு சான்று தேவையில்லை. அங்கே காயப்பட்டவரைக் கம்பம் மருத்துவமனைக்குக் கொண்டு வரலாம். தலைக்காயம், எலும்பு முறிவு என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கம்பத்திலிருந்தே அது சுமார் 50 கிலோமீட்டர்.

மலைச்சாலைக்கு என்று சில நடைமுறைகள் உண்டு. அவை எல்லாமே கவனத்தை மூலதனமாகக் கொண்டவை. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு, ஏறி வரும் வண்டியைத் தொலைவிலேயே பார்த்து, எங்கே ஒதுங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். பிரேக்கை மட்டுமே நம்பி மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும், வண்டி நிற்காது. கியரை மாற்ற ஒரு கை வேண்டும். வளைவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடிக்க இரண்டு கையும் வேண்டும். இவற்றில் எதையும் கழுத்தைச் சாய்த்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு செய்ய முடியாது. ஆனால் அந்தக் கோலத்தில் ஓட்டுபவர்களை நான் பார்க்காத வாரம் இல்லை.

மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது. இதுவும் கவனிக்க வேண்டிய ஒன்று. காட்டுக்குள் போகும்போது கைபேசி அடங்கிக் கிடக்கிறது. ஏதோ ஒரு வளைவில் திரும்பியதும், அதுவரை வராத அழைப்புகள், குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் தகவல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்து சத்தம் போடுகின்றன. யார் அழைத்தார், ஏன் அத்தனை முறை அழைத்தார் என்று பதறாத மனிதர் யார்? எடுத்துப் பார்க்க 2 நொடி போதும் என்று தோன்றும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2 நொடியில் வண்டி 22 மீட்டர் நகர்ந்துவிடும். அந்த 22 மீட்டரையும் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகவே கொள்ள வேண்டும். அழைப்புகளைக் குறைத்தால் இந்தக் குவியலும் குறையும். அதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், கையில் வைத்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவிகளோடு ஓட்டுவதையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டு வந்தது. முதல் முறை என்றால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கைபேசி பேசிக்கொண்டு ஓட்டுபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் ஓட்டுநர்கள் பலரும் கேள்விப்பட்டதுதான். நீங்கள் அதிகம் கேள்விப்படாதது அதே சட்டத்தின் 188-ஆவது பிரிவாக இருக்கலாம். 184-ஆவது பிரிவின்கீழ் வரும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும், தூண்டுபவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. வண்டி மலையில் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் என்று தெரிந்தே மறுபடியும் மறுபடியும் அழைத்துப் பதில் கேட்பது அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வழக்கறிஞர் அல்ல. என்னைப் பொறுத்தவரை, பேசுபவர் ஒருவர் என்றால் பேச வைப்பவர் இன்னொருவர் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 3,395 பேரின் இறப்புக்குக் கைபேசிப் பயன்பாடு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது எண் உண்மையைவிடக் குறைவு என்றே நான் கருதுகிறேன். கவிழ்ந்த வண்டிக்குள் கிடக்கும் கைபேசி, அந்த நொடியில் யார் காதில் இருந்தது என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஓட்டுநர் பிழைத்தால் சொல்ல மாட்டார். இறந்தால் சொல்ல முடியாது. அழைத்தவரும் "நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன்" என்று முன்வந்து சொல்வது அரிது. "வேகம்", "கட்டுப்பாட்டை இழந்தது" என்ற சொற்களுக்குள் எத்தனை அழைப்புகள் புதைந்திருக்கின்றனவோ தெரியாது.

கேரள அரசு 2023 ஜூனில் சாலைகளில் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியபோது, கைபேசி பேசிக்கொண்டு ஓட்டுபவர்களையும் அவை படம்பிடிக்கும் என்று எங்கள் பக்கத்து ஓட்டுநர்களிடையே பெரிய பேச்சாக இருந்தது. அப்போது நடந்ததை நான் கண்டேன்: கேரள எல்லையைத் தொட்டதும் கைபேசி கீழே இறங்கும், தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் மேலே ஏறும். கேமராவுக்குப் பயந்து வரும் கவனம் கேமரா இருக்கும் இடம் வரைதான். மேலும், கேமரா காதருகே இருக்கும் கையைப் பார்க்குமே தவிர, மனம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரு மாநிலப் போக்குவரத்து, காவல் துறை அதிகாரிகளும் சேர்ந்து, மூன்று மலைச்சாலைகளின் அடிவாரத்திலும் உச்சியிலும் அதிகாலையில் நின்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஆளேற்றுவதையும் அப்போதே தடுக்க வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்தின் மேலாளர் நினைத்தால் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய மாற்றத்துக்கு, கேமரா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அது எப்படி நடக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் வேலையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், மாற்றிக்கொள்ளலாம். குமுளி வழி என்றால் லோயர்கேம்ப், போடிமெட்டு வழி என்றால் முந்தல், கம்பம்மெட்டு வழி என்றால் ஏற்றம் தொடங்குமிடம். இந்த அடிவாரங்களில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஆட்களை எண்ணி, எத்தனை பேர், யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கங்காணிக்கு ஓட்டுநர் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு கைபேசியை அணைத்தோ சத்தத்தை அடக்கியோ முன்னிருக்கையில் இருக்கும் பெண்களில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். வழியில் வண்டி பழுதாகி நின்றாலோ, மரம் விழுந்து சாலை அடைபட்டாலோ, நிறுத்திய பிறகு அந்த அம்மாவே அழைத்துச் சொல்வார். மேலே போய்ச் சேர்ந்ததும் ஓர் அழைப்பு. கங்காணிக்குத் தேவையான கணக்கு முன்பைவிடச் சீக்கிரமாகவே கிடைத்துவிடும் என்பதைக் கவனியுங்கள். அடிவாரத்தில் எண்ணியது வளைவில் எண்ணியதைவிடச் சரியாகவும் இருக்கும்.

கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு, அதைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் உரிமையையும் நீங்கள் வெளிப்படையாகத் தர வேண்டும். "வண்டி ஓடும்போது தம்பி போன் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்காக உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது" என்று கங்காணி எல்லோர் முன்னிலையிலும் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் நூறு விழிப்புணர்வுப் பலகைகளைவிட அதிகம் செய்யும். குரல் இல்லாதவர்களுக்கு அது குரல் கொடுக்கும்.

கணக்கு கேட்பது மட்டுமல்ல, நேரத்தைக் கேட்பதும் அழைப்புக்குக் காரணமாகிறது. வண்டி தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இருப்பதாகத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். அப்படி இருக்கும் இடத்தில், "எங்க இருக்க?" என்ற கேள்விக்கு ஓட்டுநர் கொடுக்கும் பதில் வாயால் மட்டும் வருவதில்லை, காலால் ஆக்சிலரேட்டரை மிதித்தும் வருகிறது. பனிமூட்டம், மழை, சாலை அடைப்பு காரணமாக வண்டி தாமதமானால் சம்பளம் பிடிக்கப்படாது என்று அறிவித்துவிட்டால் ஓட்டுநரின் மனம் பாதி இலேசாகும்.

இந்த மாற்றத்தைக் காயெடுப்பு மும்முரமாகும் முன்பே தொடங்கிவிடுங்கள் என்று வேண்டுகிறேன். ஆடி, ஆவணிக்குப் பிறகு ஆட்களின் எண்ணிக்கை கூடும். வண்டிகளின் நடையும் கூடும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏறவிட்டு, குமுளி வழியாக இறங்கவிடுவது வழக்கம். ஆகவே, இந்தச் சாலைகளின் வளைவுகளை முன்பின் அறியாத, தூரத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டிக் களைத்த ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கில் அதே விடியற்காலையில் அதே மலையில் இருப்பார்கள். அவர்களில் பலர் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில், கைபேசியைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. வழி தெரியாதவர் எப்படித் திரும்புவார் என்று தெரியாது என்பதாலேயே, வழி தெரிந்தவரின் கவனம் இரண்டு பேருக்கும் சேர்த்து இருக்க வேண்டியிருக்கிறது.

இனி ஓட்டுநர்களிடம் சில வார்த்தைகள். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். தம்பிமார்களே, இந்தச் சாலை உங்களுக்கு உள்ளங்கையைப் போலப் பழக்கம் என்பதை நான் அறிவேன். எங்கே குழி, எங்கே தண்ணீர் வழியும், எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று உறக்கத்திலும் சொல்வீர்கள். அந்தப் பழக்கமே, "ஒரு வார்த்தை பேசினால் என்ன" என்ற துணிச்சலையும் தருகிறது. சாலை மாறாமல் இருக்கலாம். அதில் வரும் மனிதர்கள் ஒவ்வொரு நாளும் புதியவர்கள். வளைவில் குரங்குக்குத் தின்பண்டம் போடுவதற்காக நடுச்சாலையில் காரை நிறுத்தியிருக்கும் சுற்றுலாப் பயணியை உங்கள் பழக்கம் முன்கூட்டிச் சொல்லாது. அவரைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. பாட்டு மாற்றுவது, ரீல்ஸ் பார்ப்பது, கைபேசியை முன்கண்ணாடி அருகே நிறுத்திவைத்துப் படம் ஓடவிடுவது ஆகியவற்றைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்து வரும் அழைப்பும் இதில் சேர்த்திதான். "நான் ஏறும்போதும் இறங்கும்போதும் கூப்பிடாதே" என்று மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். புரிந்துகொள்வார்கள், அவர்களைப் போன்றவர்கள்தான் உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு வாடகைக்குப் போய்விட்டு நள்ளிரவில் திரும்பி, நாலு மணிக்கு மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். தூக்கம் சொக்கும் கண்ணை விழிக்கவைக்க யாருடனாவது பேசிக்கொண்டே ஓட்டுவதாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஓர் ஆபத்தை இன்னோர் ஆபத்தால் மூடுவது. அப்படிப்பட்ட நாளில் வண்டியை வேறொருவரிடம் கொடுங்கள்.

ஜீப் உரிமையாளர்கள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். மலையில் அழைப்பை எடுக்காத ஓட்டுநரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எடுத்தவரைக் கேளுங்கள்.

ஏலக்காய்க்கு வண்டன்மேடும் போடிநாயக்கனூரும் எவ்வளவு பெயர் பெற்றவை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் மலையேறி வந்த ஒரு பெண்ணின் கைவேலை இருக்கிறது. காயின் நிறம் கெடாமல் இருக்க உலர்கூடத்தில் எத்தனை பக்குவம் பார்க்கிறீர்கள்! அந்தப் பக்குவத்தில் ஒரு பங்கு, காயெடுப்பவர் வந்து சேரும் வழிக்கும் வேண்டும் என்று கேட்பது மிகை ஆகாது என நம்புகிறேன்.

இந்த மடலைக் கங்காணிகளுக்குப் படித்துக் காட்டுமாறும், உங்கள் தோட்டத்து வண்டிகள் அடிவாரத்தை எத்தனை மணிக்குத் தாண்டுகின்றன, எத்தனை மணிக்கு மேலே வந்து சேர்கின்றன என்பதைக் குறித்து, அந்த இடைவெளியில் ஓட்டுநரை அழைக்கக்கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தோட்டம் முதலில் செய்கிறதோ அதன் பெயரை எங்கள் ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். நடைமுறையில் இடர்ப்பாடு இருந்தால் அதையும் தெரிவியுங்கள். வேலைக்கு வரும் பெண்களையும் ஓட்டுநர்களையும் கங்காணிகளையும் ஓர் ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் ஒன்றாக உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை